தண்ணீர் எட்டிய உயரம்: வீட்டுக் காப்பீட்டை எதைப் பார்த்து எடுப்பது?

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை கடந்தபோது முடிச்சூரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் நாலரை அடித் தண்ணீர் புகுந்தது. மூன்று நாள் கழித்து வடிந்ததும் உள்ளே போனோம். சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. ஃபிரிட்ஜ் மிதந்துபோய்ச் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. பீரோ கதவு திறக்கவில்லை. உள்ளே அம்மாவின் பட்டுப்புடவைகள். ஒட்டுப்பலகைக் கட்டில் தண்ணீர் குடித்து உப்பிப் பிளந்திருந்தது. மெத்தையை வெளியே தூக்கிப்போட நாலு பேர் தேவைப்பட்டார்கள். "விடு, இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்றார் அப்பா.

இருந்தது. வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியில் சேர்த்துப் போட்ட பாலிசி. மாடி வீட்டில் கொடுத்துவைத்திருந்த கோப்பில் இருந்ததால் தப்பியிருந்தது. எடுத்துப் படித்தால், காப்பீடு கட்டடத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது. வயரிங் மாற்றியதற்கும் கீழ்ச்சுவர்ப் பூச்சு வேலைக்கும் ஒரு சிறு தொகை வந்தது. வீட்டுச் சாமான்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடிதான் நடந்தது. பத்து வருஷம் பணம் கட்டிய நாங்கள் ஒருமுறையாவது அதைப் படித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து, சொந்தக்காரர்கள், நண்பர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் இடத்தில் பேரிடர் வந்தால் எது கெட்டுப்போகும் என்று முதலில் பாருங்கள். பாலிசியை அப்புறம் தேடுங்கள். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வங்கியோ ஏஜென்டோ நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அரசு நிவாரணம் எவ்வளவு தூரம் வரும்?

2015 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் சூழ்ந்த வீடுகளுக்கு 5,000 ரூபாயும், குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும் தமிழக அரசு கொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். வீடு முழுவதுமாக இடிந்துபோனால் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைப்படி சமவெளியில் 1 லட்சத்து 20 ஆயிரம், மலைப்பகுதியில் 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். அன்றைக்கு அடுப்பு எரிய அந்தப் பணம் உதவும். எங்கள் வீட்டில் அரிசியும் பாயும் போர்வையும் அந்தப் பணத்தில்தான் வாங்கினோம். ஆனால் ஒரு ஃபிரிட்ஜுக்குக்கூட அந்த ஐயாயிரம் போதாது. நிவாரணம் என்பது உயிர்பிழைத்திருக்க உதவி, இழப்பீடு அல்ல.

2015 சென்னை வெள்ளத்தின் பொருளாதார இழப்பு சுமார் 220 கோடி டாலர் என்றும், அதில் காப்பீட்டின் மூலம் ஈடானது சுமார் 75 கோடி டாலர் என்றும் காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் மதிப்பிட்டது. அந்த மூன்றில் ஒரு பங்கிலும் பெரும்பகுதி தொழில், வணிகச் சொத்துகளுக்குப் போனது. மீதியை மக்கள் நகையை அடகு வைத்தும், கடன் வாங்கியும், பி.எஃப். பணத்தை எடுத்தும் தாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்கு ஊர் ஆபத்து வேறு

சென்னையின் தாழ்வான பகுதிகளில், அதாவது வேளச்சேரி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரம், முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில், தண்ணீர் வந்து நிற்கும். கான்கிரீட் வீடு அதைத் தாங்கிவிடும். தரைத்தளத்தில் இருக்கிற பொருளும், கீழே நிறுத்திய வண்டியும், மோட்டாரும் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை வேறு கணக்கு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணிக் கரையோரத்தில் பழைய மண்சுவர் வீடுகள் பல, சுவரோடு சரிந்தன. அங்கே கட்டடத்துக்கான காப்பீடே முதலில் வேண்டும்.

டெல்டாவிலும் கடலூரிலும் காற்றுதான் எதிரி. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளையெல்லாம் பிய்த்தெறிந்தது. கஜாவில் மக்கள் இழந்ததில் பெரிய பங்கு தென்னை. தென்னைக்கு வீட்டுக் காப்பீட்டில் இடமில்லை. அதற்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீடு என்ற தனித்திட்டம் உண்டு. நீலகிரியில் மண்சரிவு. கடலோரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

ஆகவே முதல் வேலை, தெருவில் இரண்டு பழைய ஆட்களைப் பிடித்து, 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பது. பக்கத்து வீட்டுச் சுவரில் கோடு இன்னும் இருக்கலாம். அந்த உயரத்துக்குக் கீழே உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதுதான் உங்கள் காப்பீட்டுத் தேவையின் முதல் பட்டியல்.

பாரத் கிரிஹ ரக்ஷா

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வீட்டுக்கு ஒரே மாதிரியான அடிப்படைப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஏற்பாடு செய்தது. பெயர் பாரத் கிரிஹ ரக்ஷா. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். பிரீமியமும் கூடுதல் இணைப்புகளும், கிளைம் வரும்போது நடந்துகொள்கிற விதமும்தான் வேறுபடும். இதற்கு முன் இருந்த தீவிபத்துப் பாலிசியில், பிரீமியத்தைக் குறைக்க வெள்ளம், புயல் பகுதியையே கழற்றிவிட முடிந்தது. அப்படிக் கழற்றப்பட்டது வீட்டுக்காரருக்கே தெரியாத கதைகள் உண்டு. புதிய பாலிசியில் தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, மண்சரிவு, காட்டுத்தீ, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து பெருகுவது எல்லாம் சேர்ந்தே வரும். பேரிடர் நடந்த 7 நாளுக்குள் வீட்டில் திருடு போனால் அதுவும் சேரும். பூட்டிவிட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மற்ற நாள் திருட்டுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

கட்டடம் என்று சொல்லும்போது சுவரும் கூரையும் மட்டும் கணக்கில்லை. காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, நிரந்தரமாகப் பொருத்திய மின்சார, கழிவறைச் சாதனங்கள், மாடியில் உள்ள சோலார் தகடுகள்வரை அதில் அடங்கும். இடிபாடுகளை அகற்றும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் கட்டணம் 5 சதவீதம் வரையும் சேர்த்துத் தருவார்கள். வீடு குடியிருக்க லாயக்கற்றுப் போனால் வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையும் கேட்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

இதில் மிகப்பெரிய நல்ல மாற்றம், குறைக்காப்பீட்டுக் கழிவு எடுக்கப்பட்டதுதான். பழைய முறை எப்படி என்றால், 10 லட்சம் மதிப்புள்ள சொத்தை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், நீங்கள் பாதிக்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள், அதனால் எந்த இழப்பிலும் பாதிதான் தருவோம் என்பார்கள். 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம் வரும். பாரத் கிரிஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு கிடையாது. காப்பீட்டுத் தொகை என்ற உச்சவரம்பு மட்டும் உண்டு.

எவ்வளவு தொகைக்கு?

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வீட்டின் விற்பனை விலையைக் காப்பீட்டுத் தொகையாகப் போட வேண்டாம். விலையில் பெரும்பகுதி மனைக்கு. மனையை வெள்ளம் கொண்டுபோகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே கணக்கு. கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள்ளே நாம் புழங்கும் தரைப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 900 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 22 லட்சத்து 50 ஆயிரம் வருகிறது. அதே வீடு சந்தையில் 70 லட்சத்துக்குப் போகலாம். 70 லட்சத்துக்கு எடுத்தால் பிரீமியம்தான் வீண், கிளைமில் கூடுதலாக ஒன்றும் வராது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுத்தால் கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், கூடுதல் பிரீமியம் இல்லாமலே உயரும். சிமெண்டு, கம்பி விலை ஏறுவதற்கு இது ஓரளவு பதில். 10 ஆண்டு வரை ஒரே பாலிசியாக எடுக்கலாம்.

சரி, சாமான்கள்? கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் எதுவும் தராமலே சேர்ந்துவிடும். மேலே சொன்ன வீட்டுக்கு நாலரை லட்சம். இது போதுமா என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, இன்வெர்ட்டர், பேட்டரி, கிரைண்டர், மிக்சி, இரண்டு கட்டில், மெத்தைகள், சோபா, பீரோ, லேப்டாப், துணிமணிகள், பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள். துணியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாலு பேர் உள்ள குடும்பத்தில் எல்லாத் துணியையும் திரும்ப வாங்குவது என்றால் எவ்வளவு என்று கடைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். நாங்கள் அந்தத் தீபாவளிக்கு எடுத்த துணியின் மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. கூட்டிய தொகை நாலரை லட்சத்தைத் தாண்டினால் பொருள்களின் விவரம் கொடுத்துத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். அதற்கு ஆகும் கூடுதல் பிரீமியம் பெரிதல்ல. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கும் சாமான்களுக்கும் சேர்த்தே ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருசக்கர வண்டிக்குக் கட்டுவதைவிட இது குறைவாக இருப்பதும் உண்டு.

ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பொருள் போனால் புதிய பொருளின் விலையைத் தருவீர்களா, தேய்மானம் கழித்துத் தருவீர்களா? நிறுவனங்கள் பாரத் கிரிஹ ரக்ஷா தவிர வேறு பெயர்களிலும் வீட்டுப் பாலிசிகள் வைத்திருக்கின்றன. அவற்றில் தேய்மானம் கழிப்பவை உண்டு. எட்டு வருஷம் ஓடிய ஃபிரிட்ஜுக்குத் தேய்மானம் கழித்தால் கையில் வருவது பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேல்.

எது சேராது

பணம், பத்திரம், ஆவணம், வண்டி எதுவும் சேராது. அம்மாவின் நகையும் தானாகச் சேராது. நகை, கலைப்பொருள் போன்றவற்றுக்கு மதிப்பீட்டுச் சான்றோடு தனியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. வங்கி லாக்கரில் வைத்தால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கி லாக்கர் வாடகையைப்போல் 100 மடங்கு வரை பொறுப்பேற்கும். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு வங்கி பொறுப்பல்ல. தரைத்தளத்தில் உள்ள வங்கிக்கிளையில் கீழ்வரிசை லாக்கர் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட்டால் ஒரு மின்சாதனம் தானே கெட்டால் அதற்கு இழப்பீடு இல்லை. இது வெள்ளத்தோடு சேரும்போது ஆபத்தாகிறது. தண்ணீர் வடிந்ததும் ஆவலில் ஃபிரிட்ஜையோ டிவியையோ போட்டுப் பார்ப்போம். டப் என்று போகும். வெள்ளத்தால் போனதா, நீங்கள் போட்டதால் போனதா என்ற வாக்குவாதத்துக்கு அது இடம் கொடுக்கும். உயிருக்கும் ஆபத்து. தொடவே வேண்டாம். சர்வீஸ் சென்டர் ஆள் வந்து எழுதித் தரட்டும்.

கடலோர விஷயத்துக்கு வருகிறேன். நிலம் தாழ்வது, மண்சரிவது ஆகியவை சேரும் என்று சொல்லும் அதே பாலிசி, கடலரிப்பையும் ஆற்றரிப்பையும் விலக்கி வைக்கிறது. புயல் அலை ஒரே இரவில் அடித்து வீடு போனால் வேறு. ஆண்டுக்கு ஆண்டு கரை தின்னப்பட்டு வீட்டின் அடித்தளம் வெளியே தெரிந்தால் வேறு. வட சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலும் நாகை, தரங்கம்பாடிப் பக்கத்திலும் இருப்பவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். புதுக்கட்டடம் உட்கார்ந்து விழும் சாதாரண விரிசல், தரமற்ற வேலை, நிரப்பிய மண் இறங்குவது ஆகியவற்றுக்கும் இதே விலக்கு. ஏரியை நிரப்பிப் போட்ட மனைகளில் வீடு வாங்கியவர்களுக்கு அந்தக் கடைசி விலக்கு முக்கியம்.

மாசுக்கும் விலக்கு உண்டு, ஆனால் காப்பீடு செய்த பேரிடரால் வந்த மாசு என்றால் விலக்கில்லை. மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்து வீடுகளின் சுவரெல்லாம் கறுப்பாகப் படிந்ததைப் பார்த்தோம். அப்படி ஒரு நிலையில் இந்த உட்பிரிவைக் காட்டிப் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

வங்கி கொடுத்தது எது?

ஹோம் லோன் வாங்கிய பாதிப் பேரிடம் கேட்டால், இன்சூரன்ஸ் இருக்கிறது என்பார்கள். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அது உங்கள் உயிருக்கான காப்பீடாக இருக்கலாம். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைப்பது அதன் வேலை. வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இல்லையென்றால் கட்டடத்துக்கு மட்டும், அதுவும் கடன் தொகை அளவுக்கு மட்டும், வங்கியின் பெயரையும் சேர்த்து எழுதிய பாலிசியாக இருக்கலாம். கிளைம் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு. கடன் முடிந்ததும் பாலிசியும் முடிந்துவிடும், புதுப்பிக்கச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். நமக்கு வேண்டியது இவை இரண்டும் சேர்ந்தாலும் வராத மூன்றாவது ஒன்று.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பேச்சே நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டடம் வீட்டுக்காரருடையது, சாமான் உங்களுடையது. சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். சென்னையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, என்னைக் கேட்டால், இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. நான்காம் மாடிக்குத் தண்ணீர் வராது. ஆனால் ஜெனரேட்டர், மோட்டார் அறை, லிஃப்ட், மின்பலகை எல்லாம் கீழே இருக்கும். அவை போனால் பழுது பார்க்கும் செலவை எல்லா வீடும் பகிர வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் பொதுப்பகுதிகளுக்குப் பாலிசி இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இயந்திரங்கள் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக்காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், அது ஓட்டுநர் செய்ததன் விளைவு என்று மறுப்பார்கள். 2015ல் இதில் நிறையப் பேர் மாட்டினார்கள். இன்ஜினுக்கான கூடுதல் இணைப்பைச் சேருங்கள், நனைந்த வண்டியைச் சாவி திருப்பாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

வீட்டின் முன்னறையில் மளிகைக்கடையோ தையல் கடையோ வைத்திருந்தால் அந்தச் சரக்குக்கு வீட்டுப் பாலிசி பொருந்தாது. 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறுதொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று தனிப் பாலிசி உண்டு. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகள் 2015ல் மூழ்கியதும், அம்பத்தூர் தொழிற்பேட்டை 2023ல் மூழ்கியதும் நினைவிருக்கும். சிறுதொழில் பாலிசியில் குறைக்காப்பீட்டுக் கழிவு முழுக்க நீங்கவில்லை. 15 சதவீதக் குறைவு வரைக்கும்தான் மன்னிப்பு. தீபாவளி, பொங்கலுக்குச் சரக்கு குவிகிற மாதங்களும் மழை மாதங்களும் ஒன்றாக வருவதால், ஆண்டின் உச்சச் சரக்கு அளவை வைத்துத் தொகை போடவேண்டும்.

இத்தனையும் சொன்னாலும், ஓலைக்கூரையிலும் ஆற்றோரப் புறம்போக்கிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பாலிசிகள் எட்டாது என்பது என்னை உறுத்துகிறது. மிக அதிகம் இழப்பவர்கள் அவர்கள்தான். இலங்கையில் 2016 ஏப்ரலில் அரசே மறுகாப்பீடு வாங்கி, நாட்டின் எல்லா வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 25 லட்சம் இலங்கை ரூபாய் வரை இயற்கைப் பேரிடர்க் காப்புறுதி கொடுத்தது. பிரீமியத்தை மக்கள் கட்டவில்லை. அடுத்த மாதமே கொழும்பில் களனி ஆறு பெருகி அந்தத் திட்டம் சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு டிசம்பரிலும் நிவாரணம் அறிவிக்கிற தமிழ்நாடும் அந்த வழியை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

நல்ல பாலிசி கையில் இருந்தும் கிளைமில் கோட்டைவிடுபவர்கள் அதிகம். காரணம் பெரும்பாலும் அவசரம். நாற்றம் தாங்காமல் மெத்தையையும் சோபாவையும் முதல் நாளே தெருவில் போட்டுவிடுவோம், குப்பை லாரி அள்ளிக்கொண்டு போய்விடும். இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. உள்ளே கால் வைத்ததும் எதையும் நகர்த்தாமல் அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர்க்கோட்டின் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம். ஒவ்வொரு சாதனத்தின் மாடல் எண், சீரியல் எண் ஒட்டியிருக்கும் தகட்டையும் படம் எடுங்கள். அன்றைக்கே நிறுவனத்துக்குத் தெரிவித்து, கிளைம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கிப்போட்டே ஆகவேண்டிய பொருள் இருந்தால் முதலில் அவர்களுக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கிளைம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். சர்வேயரை அனுப்புவது நிறுவனத்தின் வேலை. அவருக்கு நீங்கள் பணம் தரவேண்டியதில்லை.

இன்னும் எளிது, மழைக்கு முன்பே செய்வது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு முழுவதையும் அலமாரிகளைத் திறந்து ஐந்து நிமிஷ வீடியோவாக எடுத்து, பில்களைப் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பிவைத்துவிடுங்கள். நம் போன் தண்ணீரில் போனாலும் அது இருக்கும். பத்திரம், சான்றிதழ்களை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றிவிடலாம்.

தொகை குறைத்துத் தந்தாலோ மறுத்தாலோ அங்கேயே விட்டுவிட வேண்டாம். முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்ற ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாண்டுப் பாலிசி. கட்டடத் தொகையைக் கார்பெட் ஏரியா கணக்கில் போட்டோம். சாமான்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுத்து 8 லட்சம். நகையைச் சேர்க்கவில்லை, அதை மாடியில் வைத்திருக்கிறோம். பாலிசி முடிகிற தேதி ஜூன் மாதத்தில் வருமாறு பார்த்துக்கொண்டோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை போகும். நடுவில் புதுப்பிக்க மறந்து, புயல் எச்சரிக்கை வந்தபிறகு ஏஜென்டுக்கு ஓட நேரக்கூடாது என்பதற்காக. இன்வெர்ட்டரும் வாஷிங் மெஷினும் முதல் மாடிப் படியின் திருப்பத்துக்குப் போய்விட்டன. கூடத்துச் சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் மட்டும் 2015ன் கோட்டை அழிக்காமல் விட்டிருக்கிறார் அப்பா.